சடலமும் பூதவுடலும்

ஒரே நாள் பேப்பர். இரண்டாம் பக்கத்தின் அடியில், ஒற்றைக் கொலத்தில், 'குடும்பஸ்தர் சடலமாக மீட்பு' என்று ஒரு செய்தி. அதே பேப்பரைப் பிரட்டி மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போனால், அந்த மனிதரே வெள்ளைச் சேட்டும் திருநீறுமாகப் படத்தில் இருக்கிறார். கீழே, அன்னாரின் பூதவுடல் தகனக்கிரியைக்காக இந்து மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும் என்று எழுதியிருக்கிறது. ஒரு சாவு, ஒரு பதிப்பு, ஒரே மையில் அடித்த இரண்டு சொல். யாழ்ப்பாணத்தில் மரண அறிவித்தலில் தொடங்கிப் பின்னுக்கிருந்து முன்னுக்குப் பேப்பர் வாசிக்கிற ஆட்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த மனிதர் முதலில் 'அன்னார்'. ஏழெட்டுப் பக்கம் தாண்டி வரும்போது அவர் சடலம்.

பத்திரிகைக் கலைச்சொல் என்று பேச்செடுத்தால் வழக்கமாக வருவது வேறு. தலையங்கம் என்பது தமிழ்நாட்டில் ஆசிரியர் கருத்தை மட்டும் குறிக்க, எங்களிடம் பள்ளிக்கூடக் கட்டுரையின் தலைப்பும் தலையங்கந்தான்; அதனாலேதான் இங்கத்தைய பேப்பர்கள் 'ஆசிரியர் தலையங்கம்' என்று நீட்டி எழுதவேண்டியிருக்கிறது. அங்கே மெய்ப்புத் திருத்துபவர், இங்கே ஒப்புநோக்குநர். இதை வைத்து எவ்வளவு நேரமும் கதைக்கலாம். ஆனால் அவை ஆசிரிய பீடத்துக்குள் புழங்கும் சொற்கள். பிழைத்தாலும் வாசகருக்கு நோகாது. வாசகர் வீட்டு முற்றத்தில் விடியப்புறம் வந்து விழும் கலைச்சொற்கள் இன்னொரு கூட்டம்: சடலம், குடும்பஸ்தர், யுவதி, சந்தேகநபர், உயிர்மாய்ப்பு. அவற்றில் தீர்க்க முடியாமல் உறுத்திக்கொண்டே இருப்பது சடலம்.

சொல் வந்த வழி

ஒருவர் எதிர்பாராமல் இறந்துபோகிறார். பொலிஸுக்குத் தகவல் போகிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, திடீரென்றோ சந்தேகத்துக்கிடமாகவோ நேர்ந்த சாவைத் திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரிக்கவேண்டும். அவர் உடலைப் பார்க்கிறார், வீட்டாரின் வாக்குமூலத்தைப் பதிகிறார், தேவையென்றால் சட்ட வைத்திய அதிகாரியின் உடற்கூற்றுப் பரிசோதனைக்கு அனுப்பப் பணிக்கிறார். பிராந்திய நிருபர் இந்தச் சங்கிலியில் எங்கோ ஓரிடத்தில் ரெலிபோனோடு நிற்கிறார். பொலிஸில் கேட்பதைக் குறிக்கிறார், ஆஸ்பத்திரியில் கேட்பதைக் குறிக்கிறார், விசாரணை அதிகாரி சொல்வதைக் குறிக்கிறார். பொலிஸ் சிங்களத்தில் 'மிருத சரீரய' என்றால் நிருபரின் கொப்பியில் அது சடலம் என்று இறங்குகிறது. இந்த மூன்று இடத்திலும் அந்த உடல் ஒரு சான்றுப்பொருள். எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது, காயம் உண்டா, யார் அடையாளம் காட்டியது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஆகவே சொல்லும் அப்படித்தான் வரும். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

குறை, அந்தச் சொல் ஒரு எழுத்தும் மாறாமல் அச்சுக்குப் போவதில் இருக்கிறது. உப ஆசிரியர் வாக்கியத்தைத் திருத்துவார், ஒப்புநோக்குநர் ஒற்றுப் போடுவார். சடலத்தில் ஒருவரும் கை வைப்பதில்லை. காரணம், அது பிழையான சொல் இல்லை. பழைய பாடல்களில் சடலம் என்றால் வெறும் உடம்புதான், உயிரோடு உலாவுகிற உடம்புங்கூட. பொலிஸ் செய்தியும் நீதிமன்றச் செய்தியும் அதைப் புழங்கிப் புழங்கி இன்றைக்கு அந்தச் சொல்லில் ஒரு மணம் ஏறிவிட்டது. செத்தவீட்டில் அதை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. ஊரில் மற்றவர்கள் பிரேதம் என்பார்கள். வீட்டுக்காரர் அதுவும் சொல்லார், "ஐயாவை எத்தினை மணிக்குக் கொண்டுவருவினம்?" என்றுதான் கேட்பார்கள். படலையடியில் நிற்கிற அயலவர் இன்னும் ஒரு படி போய்ப் பெயர்ச்சொல்லையே விட்டுவிடுவார்: "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" எதை எடுக்கிறார்கள் என்று சொல்லாமலே எல்லோருக்கும் விளங்குகிற ஒரு வாக்கியம்.

செய்தி வாக்கியத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'சடலமாக மீட்கப்பட்டுள்ளார்' என்று எழுதுகிறோம். எழுவாய் ஒரு மனிதர், முடிவில் 'ஆர்' விகுதி மரியாதையோடு நிற்கிறது, நடுவில் மட்டும் சடலம். தமிழ் இலக்கணம் அந்த ஆளை விட்டுக்கொடுக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, பொலிஸ் சொல் இடையில் புகுந்து குந்தியிருக்கிறது. இரண்டு வாக்கியம் தள்ளி 'சடலம் அனுப்பிவைக்கப்பட்டுள்ளது' என்று வரும்போது அந்த 'ஆர்' போய்விடும். அதற்குப் பிறகு செய்தி முடியும்வரை அவர் அஃறிணை.

குடும்பஸ்தர் இன்னொரு அலுவலகச் சொல். திருமணமான ஆண் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. ஒழுங்கையில் யாரும் "ஆர் அந்தக் குடும்பஸ்தர்?" என்று கேட்டதில்லை. "ரெண்டு பிள்ளையளின்ர தேப்பன்" என்பார்கள். அதைச் செய்தியிலும் 'இரு பிள்ளைகளின் தந்தை' என்று எழுதத்தான் செய்கிறோம். அப்படி எழுதிய பிறகு குடும்பஸ்தருக்கு அங்கே வேலை இல்லை.

அறிவித்தலின் இலக்கணம்

மறுபக்கம் மரண அறிவித்தல். அதை விளம்பரப் பகுதி எடுக்கிறது, கொலம் கணக்கில் காசு வாங்குகிறது. செய்தி ஆசிரியர் எட்டியும் பார்ப்பதில்லை. என்றாலும் யாழ்ப்பாணப் பத்திரிகைத் தமிழில் இவ்வளவு இறுக்கமான இலக்கணம் உள்ள வடிவம் வேறு கிடையாது. முதலில் ஊர்: பிறந்தது ஒன்று, வாழ்ந்தது ஒன்று, கடைசிக் காலத்தில் போயிருந்தது இன்னொன்று. 'பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட' என்ற ஒற்றைத் தொடருக்குள் இடப்பெயர்வு முழுவதும் அடங்கிவிடும். பிறகு பெயர், அடைப்புக்குள் தொழில், கூப்பிடு பெயர். பிறகு வினை. சைவர் காலமானார், சிவபதமடைந்தார், இறைவனடி சேர்ந்தார். கிறிஸ்தவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முஸ்லிம்கள் வபாத்தானார். விபத்திலோ இளவயதிலோ போனவருக்கு அகாலமரணமடைந்தார். காலம் ஆவதும் அகாலத்தில் போவதும் வேறு என்பதை ஒரு 'அ' சொல்லிவிடுகிறது.

அதற்குக் கீழே உறவு வரிசை. தாய் தகப்பன், மாமன் மாமி, துணை, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். வெளியில் உள்ள ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் நாடு. இந்த இடத்தில்தான் ஒப்புநோக்குநர் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டும். மாதிரிக்கு ஒரு வரி: 'காலஞ்சென்ற இராசம்மா, பொன்னம்மா, தங்கம்மா ஆகியோரின் அன்புச் சகோதரனும்'. இராசம்மா ஒருவர்தான் இறந்தவர், மற்ற இருவரும் விறாந்தையில் இருந்து பேப்பர் பார்க்கிறார்கள் என்றால் அந்தக் காற்புள்ளி இரண்டு பேரைக் கொன்றுவிட்டது. 'காலஞ்சென்ற' என்ற அடைமொழி எதுவரை பாயும் என்பதைக் காற்புள்ளியால் காட்ட முடியாது. இறந்தவர் பலரென்றால் 'காலஞ்சென்றவர்களான' என்று தொடங்கி அவர்களை முதலில் சொல்லி முடித்து, 'மற்றும்' போட்டு இருப்பவர்களை எழுதவேண்டும். இறந்தவர் ஒருவரென்றால் அவரைக் கடைசிக்குத் தள்ளி, அவர் பெயருக்கு முன்னால் மட்டும் 'காலஞ்சென்ற' போடுவது இன்னும் பாதுகாப்பு.

அடுத்த பொறி 'நாளை'. வீட்டுக்காரர் இரவு வந்து "நாளைக்குப் பத்து மணிக்குக் கிரியை" என்று எழுதித் தருவார். அதை அப்படியே ரைப் பண்ணினால், காலையில் பேப்பரைப் பிரிக்கிறவருக்கு நாளை என்றால் நாளையன்றைக்கு. கிரியை முடிந்து, சாம்பலும் ஆறின பிறகு சனம் வந்து நிற்கும். ஆகவே 'இன்று' 'நாளை' எதையும் நம்பாமல் திகதியும் கிழமையும் சேர்த்துப் போடவேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று கலண்டரில் பார்க்கவேண்டும். அதேபோல மயானத்தின் பெயர். கோம்பயன்மணலா வில்லூன்றியா என்று மாறினால் ஊர்வலம் ஒரு பக்கமும் வந்த சனம் இன்னொரு பக்கமுமாகப் போய்விடும். அறிவித்தலை எடுப்பவர் முழுவதையும் ரெலிபோனில் வீட்டுக்காரருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவேண்டும் என்ற பழக்கம் இதற்காகத்தான். கண் விட்ட காற்புள்ளியைக் காது பிடிக்கும்.

இவ்வளவு கவனமும் ஒரு பேப்பரின் ஒரு மூலையில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இத்தனை விளக்கம். பூதவுடல் என்ற சொல் இந்தக் கவனத்துக்குள்ளிருந்து வருகிறது. ஐம்பூதங்களால் ஆன உடல். அதற்குச் சோடியாகத் தமிழில் புகழுடல் என்ற ஒன்று இருக்கிறது. பூதவுடல் என்று சொன்னாலே, போகிறது இது மட்டுந்தான், மற்றது நிற்கிறது என்று சொன்னமாதிரி.

ஒப்படைக்கப்பட்டது

செய்தியின் கடைசி வரியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 'உடற்கூற்றுப் பரிசோதனையின் பின்னர் சடலம் உறவினர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.' இது எல்லாச் செய்தியிலும் வரும். அச்சடித்து வைத்த வரி என்று வாசகரும் விட்டுவிடுவார், உப ஆசிரியரும் விட்டுவிடுவார். இடமில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான், அல்லது அடுத்ததாக வரும் 'மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் முன்னெடுத்துள்ளனர்'. ஆனால் இரண்டு சொல்லும் சந்திக்கிற ஒரே இடம் இந்த வரிதான். பிரேத அறை வாசலில் மகன் கையெழுத்துப் போடுகிறான். அதுவரை உள்ளே கிடந்தது சடலம். கையெழுத்துப் போட்டு வாகனத்தில் ஏற்றியதிலிருந்து பூதவுடல். வைத்தியருக்கு ஒரு சொல், மகனுக்கு இன்னொரு சொல். சொல் கைமாறுவது அந்த வாசற்படியில். நாங்களோ அந்த வாசற்படியைத் தாண்டிய பிறகும் 'சடலம் உறவினர்களிடம்' என்றே எழுதுகிறோம். உறவினரின் கைக்கு வந்தது சடலம் என்று அந்த வரி சொல்கிறது. அப்படி ஒரு பொருள் எந்த உறவினரின் கைக்கும் வந்ததில்லை.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: செய்தி செய்தியாக இருக்கட்டும், அறிவித்தல் மாதிரி உருகத் தொடங்கினால் உண்மை மழுங்கிப்போகும். நியாயமான பயம். பொலிஸ் காவலில் ஒருவர் இறந்தால் அங்கே 'இறைவனடி சேர்ந்தார்' என்பது அநியாயம். 'உயிரிழந்தார்' என்பதற்கும் 'கொல்லப்பட்டார்' என்பதற்கும் இடையில் ஒரு வழக்கே தொங்கிக்கொண்டிருக்கும். மெல்லிய சொல் குற்றவாளிக்குக் குடை பிடிக்கலாம். அறிவித்தலுக்கும் மறைக்கத் தெரியும். சொல்ல விரும்பாத சாவுக்கு அது பேசாமல் 'காலமானார்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அது குடும்பத்தின் உரிமை, செய்தி ஆசிரியரின் உரிமையல்ல.

ஆனால் உடலைக் குறிக்கும் சொல்லில் பக்கம் இருக்கிறது என்பது யாழ்ப்பாணத்து ஆசிரிய பீடத்துக்குப் புதிதாகச் சொல்லித்தரவேண்டிய விஷயமா? போர்க்காலத்தில் புலிகள் தரப்புக்கு வித்துடல், அதாவது விதையாக மண்ணுக்குள் போகும் உடல்; அரச தரப்பின் அறிக்கையில் பயங்கரவாதியின் சடலம். வீரச்சாவா, பலியா, கொல்லப்பட்டாரா என்று ஒரு சொல்லைத் தெரிவது எந்தப் பக்கம் நிற்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதாக இருந்தது. நடுவில் நிற்க 'உடலம்' என்று எழுதியவர்களும் உண்டு. சொல்லை நிறுத்து நிறுத்துப் போடப் பழகிய கை அது. சண்டை முடிந்த பிறகு, விபத்தில் செத்த தச்சனுக்கும் தவறிவிழுந்த கிழவிக்கும் அந்தக் கவனம் தேவையில்லை என்று நினைத்துவிட்டது.

குடும்பத்தின் சொல் செய்திப் பக்கத்துக்கு வரவே முடியாது என்பதும் உண்மையில்லை. 2020 இல் கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரிக்கவேண்டும் என்று அரசு நின்றபோது, இலங்கையின் தமிழ்ப் பேப்பர்கள் 'ஜனாஸா எரிப்பு' என்று செய்தித் தலைப்பிலேயே எழுதின. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வரும்வரை அந்தச் சொல்தான் நின்றது. சடலம் எரிப்பு என்று எழுதியிருந்தால் பிரச்சினை என்னவென்றே விளங்கியிராது. ஜனாஸா என்பது முஸ்லிம்கள் இறந்தவரின் உடலைச் சொல்லும் சொல்; அவர்கள் வழக்கத்தில் அது அடக்கம் செய்யப்படவேண்டியது. எரிக்கப்படுவது ஜனாஸா என்பதுதான் செய்தியே. அந்தச் சமூகத்தின் சொல் உணர்ச்சியையும் கொண்டுவந்தது, தகவலையும் கொண்டுவந்தது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம். 2025 இல் செம்மணியில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழியை அகழ்ந்தபோது பேப்பர்கள் 'மனித என்புத்தொகுதி' என்ற சொல்லை எடுத்தன. காதுக்கு வறண்ட சொல். எலும்புக்கூடு என்றால் எல்லோருக்கும் சட்டென்று விளங்கும். ஆனால் என்புத்தொகுதி என்பது எண்ணக்கூடிய சொல்: ஒரு தொகுதி, ஒரு ஆள். சிதறிக் கிடக்கும் தனி எலும்புகளை அது எண்ணிக்கையில் சேர்க்காது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்காக வீதியில் இருக்கிற தாய்க்கு அந்த எண்ணிக்கைதான் வேண்டும். இங்கே ஆய்வுகூடத்தின் சொல்தான் மனிதருக்கு மரியாதை செய்கிறது. ஆகவே அலுவலகச் சொல் எல்லாம் கூடாது என்றும் வீட்டுச் சொல் எல்லாம் நல்லது என்றும் கோடு கீறமுடியாது. அந்தச் சொல் அந்த இடத்தில் யாருக்கு வேலை செய்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கவேண்டியிருக்கிறது. சடலத்திடம் அப்படிக் கேட்டால், பேப்பரில் அது ஒருவருக்கும் வேலை செய்யவில்லை. பொலிஸின் பதிவேட்டில் அதற்கு வேலை உண்டு. அங்கேயே இருக்கட்டும்.

உயிர்மாய்ப்பு இதைவிடச் சிக்கல். 1998 இல் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து தற்கொலை முயற்சி குற்றம் என்ற பிரிவை நீக்கிவிட்டார்கள். ஆனால் 'தவறான முடிவெடுத்து உயிர்மாய்ப்பு' என்று இன்றைக்கும் எழுதுகிறோம். தற்கொலை என்ற சொல்லின் கூர்மையை மழுக்கத்தான் இந்தத் தொடர் வந்தது. வரும்போதே 'தவறான' என்று ஒரு தீர்ப்பையும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டது. இறந்தவருக்குக் கடைசியாகக் கொடுக்கிற புள்ளியா அது? உலக சுகாதார நிறுவனம் 2000 இலிருந்து ஊடகங்களுக்குச் சொல்லிவருவது எளிமையானது: எப்படி என்பதை விவரிக்காதே, தலைப்பில் பெருப்பிக்காதே, ஒற்றைக் காரணத்தில் முடிச்சுப் போடாதே, உதவி கிடைக்கும் இடத்தைச் சொல். 'பரீட்சையில் தோற்றதால்' என்று ஒரு வரியில் காரணம் எழுதுகிற இடத்தில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தைப் போட இடம் தாராளமாகக் கிடைக்கும்.

எத்தனை எழுத்து

ஆசிரிய பீடத்து மேசையில் கடைசியாக வரும் சாட்டு, இடம் போதாது என்பது. ஒற்றைக் கொலத் தலைப்பில் எழுத்து எண்ணித்தான் போடவேண்டும், அது உண்மை. 'பலி' வாழ்வதே அதனால்தான், இரண்டு எழுத்து. உயிரிழப்பு ஆறு, மரணம் நாலு. கோயிலில் வெட்டுகிற கடாவுக்குரிய சொல்லை மோட்டார் சைக்கிளில் போனவருக்கு வைக்கிறோமே என்ற கூச்சம் வந்த பேப்பர்கள் 'சாவு' என்று மாறின. அதுவும் இரண்டே எழுத்து, சுத்தமான ஊர்ச் சொல். சடலத்துக்கு இந்தச் சாட்டுக்கூடக் கிடையாது. சடலம் நாலெழுத்து. உடல் மூன்று.

செய்திக்குள் பூதவுடல் என்று எழுதவேண்டும் என்று இல்லை. அது குடும்பத்தின் வாயில் அழகு, நிருபரின் வாயில் நடிப்பு. உடல் போதும். 'கிணற்றடியில் முதியவரின் உடல் மீட்பு' என்றால் ஒரு தகவலும் குறையவில்லை. அடையாளம் தெரியாதவருக்கும் அதே சொல்தான், ஏனென்றால் அடையாளம் தெரியாதது எங்களுக்கு மட்டுந்தான். எங்கோ ஒரு வீட்டில் அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். 'சடலமாக மீட்கப்பட்டார்' என்பதற்கு 'இறந்த நிலையில் மீட்கப்பட்டார்' இருக்கிறது. சற்று நீளம், உட்பக்கத்தில் பொறுக்கலாம்.

இன்னொன்று, இதற்குக் கொஞ்சம் நடை வேண்டும். பக்கத்தை மூட முன்னர் உப ஆசிரியர் விளம்பரப் பகுதிக்கு ஒருக்கால் போய், இரவு வந்த அறிவித்தல்களைத் தன் சாவுச் செய்திகளோடு வைத்துப் பார்க்கவேண்டும். பெயரின் எழுத்து இரண்டிலும் ஒன்றா? பொலிஸ் சொன்ன பெயரில் ஒரு எழுத்து உதிர்ந்திருக்கும்; வீட்டார் எழுதியதுதான் சரி. வயது அடையாள அட்டையில் கணக்குப் பார்த்த வயதா, நிரம்பிய வயதா? செய்தியில் 58, அறிவித்தலின் பிறந்த திகதிப்படி 57 என்று நின்றால் இரண்டில் ஒன்றை வாசகர் நம்பமாட்டார். ஊர், அவர் பிறந்த ஊரா இறந்த ஊரா? பத்து நிமிட வேலை. முடிந்தால் அதே நடையில் அறிவித்தல் தந்தவரிடம் ஒரு கேள்வியும் கேட்டுவிடலாம்: செய்தியின் அடியில் கிரியை விவரத்தைச் சுட்டலாமா? சிலர் வேண்டாம் என்பார்கள். அப்போது விட்டுவிடவேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. சரி என்றால் கடைசி வரி இப்படி வரும்: உடற்கூற்றுப் பரிசோதனையின் பின்னர் அவரது உடல் மகனிடம் கையளிக்கப்பட்டது. இறுதிக்கிரியை விவரம் 11ஆம் பக்கத்தில்.